மூடிக் கிடக்கும் எங்கள் கிராமத்துப் புகையிரத நிலையத்தைத் திறப்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

வாவிக்கரையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொன்னால் எழுதுவது யார் என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும் என்பதால் இப்போதைக்கு அதைத் தவிர்க்கிறேன்.

1928 இல் மட்டக்களப்புக்குப் பாதை வந்த காலத்திலிருந்தே எங்கள் ஊரில் ஒரு சிறு நிலையம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அது இப்போதும் இருக்கிறது என்றே சொல்லலாம். மேடையின் கல் வரிசை குலையாமல் கிடக்கிறது. பயணச்சீட்டுக் கொடுத்த சிறிய சாளரத்தின் அடிப்பலகை, எத்தனையோ வருடங்கள் சில்லறைக் காசு தேய்த்துத் தேய்த்து நடுவில் குழிந்துபோய், அப்படியே இருக்கிறது. கூரை 1978 நவம்பர் சூறாவளியில் ஒருமுறை பறந்து, பின்னர் போட்ட கூரை போர்க்காலத்தில் இன்னொருமுறை போனது. மேடையில் பகல் முழுவதும் ஆடுகள் படுத்திருக்கும். உதயதேவிப் புகையிரதம் கடந்து போகும்போது அவை எழும்புவதுகூட இல்லை, ஏனென்றால் அது நிற்காது என்பது அவற்றுக்கும் தெரியும்.

என் அம்மம்மா புகையிரதத்தைக் 'கோச்சி' என்றுதான் சொல்லுவார். சும்மாட்டின் மேல் தயிர்ச் சட்டிகளை அடுக்கிக்கொண்டு விடியற்காலைக் கோச்சியில் மட்டக்களப்புச் சந்தைக்குப் போய், மத்தியானத்துக்குள் சாமான்களுடன் திரும்பிவிடுவாராம். போரில் சேவை நின்றது. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் வண்டிகள் திரும்பவும் ஓடத் தொடங்கின. ஆனால் எங்கள் மேடையில் எதுவும் நிற்கவில்லை. இன்று ஒருவர் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவதென்றால் பிரதான வீதிக்கு முச்சக்கரவண்டி பிடித்து, அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு பஸ்ஸுக்குக் கொடுப்பதைவிட அதிகம்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், ஆலய பரிபாலன சபை ஆகிய மூன்றும் சேர்ந்து சென்ற வைகாசியில், கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில், கோயில் வாசலில் மேசை போட்டுக் கையெழுத்துச் சேர்த்தோம். கட்டுக் கட்டாக அனுப்பினோம். பல மாதங்கள் கழித்து, 'தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்ற ஒற்றை வரியுடன் ஒரு கடிதம் வந்தது. இப்போது ஊருக்குள் மூன்று விதமான பேச்சு நடக்கிறது. நிலையத்தைச் சிரமதானத்தில் நாமே திருத்திக் கூரை போட்டுவிட்டால் நிறுத்தியே ஆகவேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். கொழும்புக் கடுகதியும் நிற்க வேண்டும் என்று கேட்டால்தான் மதிப்பு என்கிறார் சங்கத் தலைவர். ஒரு சிலர், வண்டி மறிப்புப் போராட்டம் செய்தாலொழிய எதுவும் நடக்காது என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள், குறிப்பாகப் புகையிரத சேவையில் இருந்தவர்கள், நாங்கள் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கைகாட்டி பதில்:

தம்பி, நான் இந்தப் பாதையில் பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். உங்கள் கடிதம் ஏன் ஒற்றை வரியோடு திரும்பியது என்பதை நீங்கள் எழுதியதை வைத்தே ஊகிக்க முடிகிறது. 'நிலையத்தைத் திறக்க வேண்டும்' என்று கேட்டிருப்பீர்கள். அந்த வார்த்தை உங்களுக்கு ஒன்றைக் குறிக்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கு முற்றிலும் வேறொன்றைக் குறிக்கும்.

நம்முடையது ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள், கிளைத் தண்டவாளம் உள்ள நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று விலகிப் போக முடியும். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கிறது என்பதை உறுதிசெய்வதற்காக டேப்லெட் என்ற உலோக வில்லை பயன்படுகிறது. அடுத்த நிலைய அதிபர் தன் பக்கத்திலிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பக்கத்துக் கருவி அந்த வில்லையை வெளியே விடும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து, ஓடும் வண்டியின் சாரதிப் பக்கத்துக்கு நீட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை நடக்கும் நிலையத்தைத் திறப்பது என்றால் இரவு பகலாக முறைமாற்றி நிலைய அதிபர்கள் வேண்டும், கைகாட்டிகள் வேண்டும், கிளைத் தண்டவாளம் வேண்டும், விடுதி வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்த உத்தியோகத்தர் மனதில் இந்தச் செலவு முழுவதும் ஓடியிருக்கும்.

உங்களுக்குத் தேவை அதுவல்ல. உங்களுக்குத் தேவை உப நிலையம், அதாவது வெறும் தரிப்பிடம். வண்டி நிற்கும், ஆட்கள் ஏறி இறங்குவார்கள், ஒருவர் பயணச்சீட்டுக் கொடுப்பார். டேப்லெட்டும் இல்லை, கிளையும் இல்லை. நாடு முழுவதும் இப்படியான தரிப்பிடங்கள் ஏராளம் உண்டு. ஆகவே கடிதத்தில் 'திறக்க வேண்டும்' என்று எழுதாமல், 'இன்ன வண்டிக்குத் தரிப்பு வழங்க வேண்டும்' என்று, வண்டியின் இலக்கத்தையும் திசையையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கடுகதியைக் கேட்பது பற்றி உங்கள் தலைவருக்கு என் மரியாதையுடன் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் நிற்பது என்பது ஒரு நிமிட நட்டம் அல்ல. பாரமான வண்டி வேகத்தைக் குறைத்து, நின்று, மீண்டும் பழைய வேகத்தைப் பிடிப்பதற்குள் மூன்று நான்கு நிமிடம் போய்விடும். ஒற்றைத் தண்டவாளத்தில் அந்தத் தாமதம் அந்த வண்டியோடு முடியாது. அதற்காக எங்கோ ஒரு நிலையத்தில் காத்து நிற்கும் எதிர் வண்டியையும் பிடிக்கும். போதாததற்கு, 2024 ஒக்டோபரில் இதே பாதையில் மின்னேரியாப் பக்கம் எரிபொருள் வண்டி யானைகளில் மோதியது. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி கல்லோயாவுக்கு அருகில் மீனகயா கடுகதி மோதி ஆறு யானைகள் இறந்தன. அதன் பின்னர் அந்தக் காட்டுப் பகுதியில் இரவு வேகத்தைக் கட்டுப்படுத்தி நேர அட்டவணையையும் மாற்றினார்கள். ஏற்கெனவே நேரம் இழந்து வரும் வண்டியிடம் இன்னும் நான்கு நிமிடம் கேட்டால் கிடைக்கும் பதில் 'இல்லை' என்பதுதான், அந்த ஒரு 'இல்லை' சாதாரண வண்டிக்கான கோரிக்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

சிரமதானம் பற்றி: தயவுசெய்து இப்போதைக்குக் கட்டிடத்தில் கை வைக்காதீர்கள். அது அரச காணி, அரச கட்டிடம். அனுமதியின்றிக் கூரை போட்டால், உங்கள் நல்லெண்ணமே உங்கள் மீதான முறைப்பாடாக மாறக்கூடும். மேடையின் உயரம், தண்டவாளத்திலிருந்து அதன் இடைவெளி எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. வண்டி மறிப்பைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

பாலத்தடி பதில்:

அஸ்ஸலாமு அலைக்கும். ஓட்டமாவடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பழைய பாலத்தில் கோச்சியும் பஸ்ஸும் ஒரே வழியால் போன காலத்தில் வளர்ந்தவன் நான்; கோச்சி வருகிறது என்று மறித்துவிட்டால் பஸ், மாட்டு வண்டி, சைக்கிள் எல்லாம் பாலத்தின் இரண்டு முனையிலும் வரிசை கட்டி நிற்கும். ஆகவே புகையிரதத்துக்காகக் காத்திருப்பதில் எங்களுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு.

கைகாட்டி ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு ஒன்றைக் கூட்டுகிறேன். கையெழுத்துக்குப் பெறுமதி குறைவு. கோயில் வாசலிலோ பள்ளிவாசல் முன்றலிலோ மேசை போட்டால் எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள், வாழ்நாளில் ஒருமுறையும் கோச்சியில் ஏறாதவர் உட்பட. எங்கள் பக்கத்தில் ஒரு பஸ் சேவைக்காக நாங்கள் அலைந்தபோது, ஒரு அதிகாரி எங்களிடம் மனுவைத் தள்ளிவைத்துவிட்டு, 'காலை ஏழு மணிக்கு எத்தனை பேர் நிற்பார்கள்?' என்று மட்டும் கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு ஓ.எல். எழுதிவிட்டு வீட்டிலிருந்த நான்கு பிள்ளைகளைப் பிடித்து, கொப்பியும் பேனையும் கொடுத்து, வீதி முகப்பில் மூன்று வேலை நாளும் ஒரு சனிக்கிழமையும் நிறுத்தினோம். யார் போகிறார், எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார், இப்போது எவ்வளவு செலவு என்ற நான்கு கேள்விதான். அதில் எங்களுக்கே தெரியாத சங்கதிகள் வந்தன. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகள்தான் அதிகம் என்று நினைத்திருந்தோம். உண்மையில் தையல் வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். அவர்கள் யாரும் எங்கள் கூட்டத்துக்கு வந்ததில்லை, வரவும் நேரமில்லை.

நீங்களும் எண்ணுங்கள். எண்ணும்போது உங்கள் ஊரோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மேடைக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் முஸ்லிம் கிராமம் ஒன்று இல்லாமல் இராது. அந்தப் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் மீனவர் சங்கத்தையும் பின்னால் ஆதரவுக் கடிதத்துக்காக அழைக்காமல், எண்ணும் வேலைக்கே அழையுங்கள். இரண்டு சமூகத்தின் கணக்கு ஒரே தாளில் இருந்தால் அதை மாவட்டக் கூட்டத்தில் யாராலும் ஓரமாக வைக்க முடியாது.

இன்னொன்று: எண்ணி முடித்த பின்னர் நேரத்தைப் பொருத்திப் பாருங்கள். பகல் வண்டி உங்கள் ஊரைக் கடக்கும் நேரம் வேலைக்குப் போகிறவருக்கு உதவாது என்றால், தரிப்புக் கிடைத்தாலும் மேடையில் திரும்பவும் ஆடுகள்தான் நிற்கும். இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும், சகோதரர்.

கல்முனைக் கரை பதில்:

மூடிய நிலையத்துக்காக நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அம்பாறை மாவட்டத்தில் எங்களுக்கு மூடுவதற்குக்கூட ஒரு நிலையம் இருந்ததில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. அதைக் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்டப்போவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது. நள்ளிரவில் மட்டக்களப்பில் இறங்கிக் கல்முனை பஸ்ஸுக்காகக் கொசுக்கடியில் குந்தியிருந்தவர்களுக்கு உங்கள் மேடையின் அருமை தெரியும்.

நான் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருப்பவள். ஆகவே கடிதங்கள் எங்கே தூங்குகின்றன என்பது ஓரளவு தெரியும். கோரிக்கைக் கடிதத்துக்குப் பதிலளிக்க வேண்டிய கட்டாயம் நடைமுறையில் தளர்வானது. தகவல் கோரிக்கைக்கு அப்படியல்ல. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தால், தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஆனால் 'ஏன் திறக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல, வாதம். பதிவேடாக இருக்கக்கூடியதைக் கேளுங்கள். இந்த நிலையம் பதிவில் எந்த நிலையில் இருக்கிறது, முறைப்படி மூடப்பட்டதா அல்லது தற்காலிகமாக நிறுத்தப்பட்டதா, அந்த உத்தரவின் பிரதி எங்கே, கடைசியாகப் பயணச்சீட்டு விற்ற ஆண்டின் வருமானம் எவ்வளவு, ஒரு வண்டிக்குப் புதிய தரிப்பு வழங்குவதற்கு என்னென்ன அளவுகோல்கள் உள்ளன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். அளவுகோல் கையில் வந்துவிட்டால், பாலத்தடி நானா சொன்ன கணக்கை அந்த வடிவத்திலேயே நிரப்பிக் கொடுக்கலாம்.

கடிதத்தைத் தமிழில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனாலும் ஒரு சிங்கள மொழிபெயர்ப்பையும் பின்னால் இணைத்துவிடுங்கள். உரிமை இருக்கிறது என்பதற்காக மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இரண்டு மாதம் கிடக்க வேண்டுமா என்ன?

கடிதம் போகும் வழியும் முக்கியம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் பிரதேச செயலாளருக்குக் கொடுத்து, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் தீர்மானமாக எடுத்து, அங்கிருந்து மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். கூட்டக் குறிப்பில் ஏறிய விடயத்துக்கு அடுத்த கூட்டத்தில் 'முன்னேற்றம் என்ன' என்று கேட்டே ஆகவேண்டும். எல்லாம் தவறினால், ஒரு பாராளுமன்ற உறுப்பினர் மூலம் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். அதை முதலிலேயே பயன்படுத்த வேண்டாம்.

தூரதேசத்தான் பதில்:

ஏறாவூரில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் வசிக்கிறேன். இந்த நாட்டிலும் 1963 இல் வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான சிறு நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றில் சில, ஊர் மக்கள் விடாப்பிடியாக நின்றதால் திரும்பியிருக்கின்றன. ஸ்கொட்லாந்தில் லோரன்ஸ்கேர்க் என்ற சிற்றூரின் நிலையம் 1967 இல் மூடப்பட்டு 2009 மே மாதத்தில் மீண்டும் திறந்தது. நாற்பத்திரண்டு வருடம். அங்கே வண்டிகள் அந்த ஊரைக் கடந்து ஓடிக்கொண்டுதான் இருந்தன, நிற்கவில்லை, அவ்வளவே. உங்கள் கதைக்கு அதுதான் மிக நெருக்கம்.

இன்னொன்று டெவன் பகுதியிலுள்ள ஓக்ஹாம்ப்டன். 1972 இல் பயணிகள் சேவை நின்றது. கல் அகழும் குவாரியின் சரக்குக்காகத் தண்டவாளம் கழற்றப்படாமல் தப்பியது. 1997 முதல் கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டி விட்டார்கள். அந்த ஞாயிறு வண்டிதான் 'இங்கே ஆட்கள் ஏறுவார்கள்' என்பதை வருடா வருடம் காட்டிக்கொண்டே இருந்தது. 2021 நவம்பரில் தினசரி சேவை வந்துவிட்டது.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு நம் நாட்டில் விசேட வண்டிகள் விடுவது வழக்கம்தானே. அதுபோல உங்கள் வைகாசிச் சடங்கு நாட்களுக்கு மட்டும், சில நாட்களுக்கு, ஒரு வண்டிக்குத் தற்காலிகத் தரிப்புக் கேட்டுப் பாருங்கள். கொடுப்பவருக்கு அது சிறிய விடயம். உங்களுக்கு அது பயணச்சீட்டுக் கட்டையோடு கூடிய சாட்சி. மற்றபடி இந்த நாட்டுப் பணமும் நம் நாட்டுப் பணமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும், ஒப்பிட்டு யாரையும் குறைசொல்ல வரவில்லை.

வாவிக்கரையான் மறுபடியும்:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. இந்தப் பதில்களைத் தாளில் எடுத்து நேற்று சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கடுகதியைக் கைவிடுவதில் தலைவருக்கு மனமில்லை; ஒரு மணிநேரம் பேசிய பிறகு, 'முதலில் சாதாரண வண்டி, அது நின்று ஒரு வருடம் ஆன பின் மற்றது' என்று குறிப்பில் எழுதச் சம்மதித்தார். சடங்கு நாள் தரிப்பை மாதர் சங்கம் உடனே பிடித்துக்கொண்டது. பக்கத்து முஸ்லிம் கிராமத்துப் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் வெள்ளிக்கிழமை போகிறோம்.

எண்ணும் வேலையை இந்தத் திங்கட்கிழமையே தொடங்கினோம். பாலத்தடி சகோதரர் பயமுறுத்தியது சரிதான். காலையில் பட்டணம் போகிறவர்களில் பெரும்பாலானோர், பகல் வண்டி எங்கள் ஊரைக் கடப்பதற்கு வெகுநேரம் முன்னரே போய்விடுகிறார்கள். ஆனால் கிளினிக் நோயாளிகளும் சந்தைக்குப் போகிறவர்களும் மத்தியானத்துக்குப் பின் திரும்பும் திசையில் வண்டியைப் பயன்படுத்தக்கூடும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் ஒரு திசைக்கு மட்டும் தரிப்புக் கேட்கலாமா, கைகாட்டி ஐயா? அப்படி ஒரு வழக்கம் உண்டா?

இளைஞர்களுக்குச் சிரமதானத்தை விட மனமில்லை. போர் முடிந்த பின் வடக்குப் பாதையைத் திருத்தியபோது 'உத்துரு மித்துரு' என்ற பெயரில் நன்கொடை திரட்டி நிலையங்களைக் கட்டினார்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள்.

கைகாட்டி பதில்:

ஒரு திசைக்கு மட்டும் தரிப்புக் கொடுப்பது தாராளமாக நடக்கும் காரியம். ஏறுவதற்கு ஒரு வண்டி, இறங்குவதற்கு இன்னொரு வண்டி என்று வெவ்வேறாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. மத்தியானத் திரும்பு திசையைக் கேளுங்கள். அது உங்கள் கணக்கிலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். சுருக்கமாகக் கேட்டவருக்குத்தான் சுருக்கமாக 'ஆம்' சொல்ல முடியும்.

இளைஞர்களிடம் சொல்லுங்கள்: வடக்கில் அந்த நன்கொடையைத் திரட்டியது திட்டத்துக்கு உள்ளிருந்து, திணைக்களத்தின் வரைபடத்துக்கு அமைய. அந்த வழியில் 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி 24 வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் போனது. வரைபடம் கையில் வரட்டும், பிறகு மண்வெட்டியை எடுக்கலாம். இப்போது அவர்களுக்கு வேறொரு வேலை தருகிறேன். நிலையத்தின் இருபுறமும் புகையிரத ஒதுக்கீட்டுக் காணிக்குள் யாராவது வேலி போட்டிருக்கிறார்களா, கடை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், அளவையாளர் வருவதற்கு முன் ஊருக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எத்தனையோ தரிப்பிடங்கள் இந்த ஒரு காரணத்தால் பின்தங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கடிதத்தில் ஊரின் பெயரோடு நிறுத்தாமல், மேடைக்கு நேரே தண்டவாளத்தோரம் நிற்கும் தூரக் கல்லின் எண்ணையும் எழுதுங்கள். எங்களுக்கு ஊர்ப் பெயரைவிட அந்த எண்தான் உடனே விளங்கும். அதற்காகத் தண்டவாளத்தில் நடக்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம். புகையிரதக் கடவையில் நின்று பார்த்தாலே தெரிய வேண்டும்.

வாவிக்கரையான்:

இன்று பின்னேரம் கடவையில் நின்று பார்த்தோம் ஐயா. கல் இருக்கிறது, கொடி படர்ந்து மூடியிருந்தது. கடவைக் காப்பாளரிடம் சொன்னோம். வண்டி போன பிறகு அவர்தான் கத்தியோடு போய்க் கொடியை வெட்டிவிட்டு, எண்ணைச் சத்தமாக வாசித்துச் சொன்னார். கொப்பியில் எழுதிக்கொண்டோம்.